ஆளுக்கொரு கிளை

ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை நாடகமாக நடத்தப்போய்ப் போலீஸ் வேனில் ஏற இருந்த ஆசிரியை, எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருஷம் அது. சாலைக்குக் குறுக்கே மரங்களை வெட்டிப் போட்டு மறித்துக்கொண்டிருந்தார்கள். உளுந்தூர்பேட்டையில் கிளம்பிய பஸ் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தால் பெரிய விஷயம். எனக்கு வடக்கனந்தல் பக்கம் ஒரு பள்ளியில் முதல் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. (போலீஸ் கேஸ் என்று ஒன்று வந்தால் வேலை அவ்வளவுதான்.)

என் பிள்ளைகள் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பார்கள். அர்த்தம் கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். அதிலும் பச்சையம்மா வாயே திறக்க மாட்டாள். விறகுவெட்டியைக் காட்டு மரங்கள் கூடி மறிக்கிற கதை ஒன்று பாடமாக இருந்தது. நடித்துப் பார்த்தால் புரியுமே என்று, "நாளைக்கு ஆளுக்கொரு கிளை கொண்டாங்க" என்றேன். ஊரே வெட்டின மரத்தைக் கண்டு நடுங்கிய நேரத்தில் இப்படிச் சொல்ல எவ்வளவு அறிவு வேண்டும்!

மறுநாள் முப்பது பேரும் கிளைகளை ரோட்டில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். (ஒருத்தி அரை முருங்கை மரத்தையே கொண்டுவந்திருந்தாள்.) கை வலிக்கிறதென்று பள்ளிக்கு எதிரே, நடு ரோட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். தூரத்தில் வந்த பஸ் அதைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் போலீஸ் வேன் வந்து நின்றது.

"யாரு உங்க தலைவரு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

முப்பது விரல்களும், பள்ளி வாசலுக்கு ஓடிவந்த என்னைக் காட்டின. விறகுவெட்டி வேஷம் எனக்கு. சத்துணவுக் கூடத்தில் வாங்கிய நிஜ அரிவாள் கையில் இருந்தது.

"சார், பாடம் சார்..." என்றபடி அரிவாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"சின்னப் புள்ளைங்கள வச்சிக்கினு மறியலா? ஏறும்மா வண்டியில!"

இரண்டு அடி வைத்திருப்பேன். பச்சையம்மா தன் புங்கங்கிளையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

"ஒத்த மரம்னா வெட்டுவ. காடா நின்னா இன்னா பண்ணுவ?" (சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்து!)

அடுத்த நிமிஷம் முப்பது பேரும் கிளையோடு என்னைச் சுற்றி நின்றுவிட்டார்கள். அதுவரை நடந்தது மறியலே இல்லை. இதுதான் அசல் மறியல். பாவிப் பிள்ளைகளா, பாடம் இப்பவா புரியணும் என்று மனசுக்குள் அழுதேன்.

"யாரு சொல்லிக் குடுத்தா இத?"

"பாடத்துல கீது சார். முப்பத்திரெண்டாம் பக்கம்" என்றாள் பச்சையம்மா.

அவர் புத்தகத்தை வாங்கி, நடு ரோட்டில் நின்றபடி கதை முழுவதையும் படித்தார். அவ்வளவு மெதுவாக ஒரு மனிதர் படித்து நான் பார்த்ததே இல்லை.

"ஏன் டீச்சர், வேற கதையே கெடைக்கலியா?" என்றார் கடைசியில். இனிப் பாடம் நடத்த மரம் உபயோகிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

வேலை நிரந்தரமாகி, ஓய்வும் பெற்றாயிற்று. இன்றைக்கும் ரசத்துக்குக் கறிவேப்பிலை பறிக்கப் போனால், "வேன் வருதா பாத்துக்கினு ஒடி!" என்று உள்ளிருந்து கத்துவார் என் வீட்டுக்காரர். பேத்திகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன்தான். ஆனால் ரோட்டை ஒருமுறை எட்டிப் பார்க்காமல் இதுவரை ஒரு கொத்துகூட ஒடித்ததில்லை.