தூணு அண்ணனின் பாதம்

பூனாகலை வளைவுகளில் பஸ் எப்படித் திரும்பினாலும் கம்பியைப் பிடிக்காமல் நிற்கக்கூடிய மனிதர் ஊவா மாகாணம் முழுவதற்கும் ஒருவர்தான் இருந்தார். எங்கள் பண்டாரவளை பஸ்ஸின் கண்டக்டர். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் 'தூணு'.

பெயருக்கேற்ற உடம்பு. அவர் ஏறினால் சக்கரம் பெருமூச்சு விடும். வளைவு வந்தால் கொழுந்தெடுக்கும் பெண்கள் கம்பியை விட்டுவிட்டு அவரைத்தான் பிடிப்பார்கள். "நல்லா பிடிங்க, நான் கழண்டு வரமாட்டேன்" என்பார்.

அந்த பஸ்ஸில்தான் நான் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போவேன். அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்பதே அவர் தன் பாதங்களைத் திட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"ராவெல்லாம் நெருப்புல வச்ச மாதிரி எரியுது சேர். ரெண்டு காலும் சேந்துகிட்டு எனக்கு எதிரா ஸ்ட்ரைக் பண்ணுது."

கிளினிக்கில் உடம்பைக் குறைக்கச் சொன்னார்கள். அதை அவர் ஒரு சதியாகவே எடுத்துக்கொண்டார். "வெறும் லொறிதான் சேர் ஆடும். லோட் ஏத்துன லொறி ஆடுமா?" என்று கேட்டுவிட்டு, தேங்காய் ரொட்டியை இரண்டாக மடித்து வாயில் போட்டார்.

ஒருநாள் பஸ்ஸில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

"எரிச்சல் சுத்தமா போயிருச்சு! வலியே இல்ல. அப்ப சீனியும் போயிருச்சுன்னுதானே அர்த்தம்?"

எல்லோரும் தின்றோம். வலியோடு பாதத்தின் உணர்ச்சியும் சேர்ந்து போயிருந்தது என்பது அந்த பஸ்ஸில் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு தூண் ஆடத் தொடங்கியது. ஒருமுறை சந்தைக்குப் போகும் முட்டைக்கோஸ் மூட்டைமேல் சாய்ந்தார். இன்னொருமுறை கோயில் பூசாரியின் மடியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்ததும் டிரைவரைப் பார்த்துக் கத்தினார்: "என்னப்பா பிரேக் அடிக்கிற?"

"பஸ் இன்னும் கெளம்பவே இல்லண்ணே!"

பண்டாரவளையில் ஒருநாள் ஒற்றைச் செருப்போடு நடந்துகொண்டிருந்தார். மற்றது எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்தார், வயிறு மறைத்தது. "கால்லதான் இருக்கும் சேர்" என்றார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று மாலை தோட்டத்து லயத்து வீட்டில் அவர் மனைவி பாக்கியம் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலிலிருந்து அடுப்படி வரை இரத்தம். "யாருக்குடி அடிபட்டுச்சு?" என்று தூணுதான் கேட்டாராம். செருப்பில்லாமல் நடந்தபோது ஏறிய ஆணி அவருடைய உள்ளங்காலில்தான் இருந்தது.

ஆணியைப் பிடுங்கி மஞ்சள் பூசியதோடு சரி. வலிக்காத காலுக்கு எதற்கு டொக்டர் என்று அடம்பிடித்தார். கடைசியில் பாக்கியம் அக்கா பாடசாலைக்கே வந்துவிட்டார்.

"நீங்க சொன்னா கேப்பாரு சேர். கால் நாறுது. பக்கத்துல படுக்க முடியல. பயமா இருக்கு."

ஆட்டோ பிடித்து பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிந்திவிட்டது. அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனபோது கட்டிலில் இருந்தபடி சொன்னார்: "டொக்டர் சொன்ன மாதிரி உடம்ப குறைச்சிட்டேன் சேர். ஒரே நாள்ல."

நான் சிரிக்க முயன்றேன். அவரும் முயன்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெரிய முதுகு குலுங்கியது.

மிஞ்சிய பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். தூணு அண்ணனுக்கு வயிறு மறைக்கிறது. பாக்கியம் அக்காவுக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கிறது. அதனால் பாடசாலை விட்டதும் நான் போகிறேன். முதல்நாள் அவர் தன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, நீங்க போய் என் காலைத் தொடுறதா? பாவம் சேர்!"

"பேசாம இருங்கண்ணே."

இப்போது பழகிவிட்டார். நான் வந்து உட்கார்ந்ததும் அவரே என் மடியில் காலை நீட்டுகிறார். குதிகால், விரலிடுக்கு எல்லாம் பார்த்து "ஒண்ணுமில்ல" என்கிறேன். "இன்னொருக்கா பாருங்க சேர்" என்கிறார். பார்க்கிறேன். நல்ல கனமான கால்தான். ஆனாலும் மடியிலிருந்து இறக்கிவைக்க எனக்குச் சீக்கிரம் மனம் வருவதில்லை.