பவுடர் படுத்த சீர் மூட்டை

அழுக்காக இருந்து திட்டு வாங்கியவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள், பிள்ளைகளே. சுத்தமாக வைத்ததற்காகத் திட்டு வாங்கியவனைப் பார்த்ததுண்டா? அவன் நான்தான். வருஷம் பல ஆகியும் எனக்கு ஆறவில்லை. நீங்களே படித்துப் பார்த்து நியாயம் சொல்லுங்கள்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் ஒரு நாய் இருந்தது. உடம்பெல்லாம் செம்மண் நிறம், மூஞ்சி மட்டும் வெள்ளை. மாவு டப்பாவுக்குள் தலையை விட்டு எடுத்தது போல இருக்கும். அதனால் பவுடர் என்று பேர் வைத்தோம். மாட்டுக்கொட்டகையில் ஒரு சணல் சாக்குதான் அதன் மெத்தை.

அந்த வருஷம் மார்கழியில் பவுடர் சொறிய ஆரம்பித்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் அம்மா காதை விலக்கிப் பார்த்தார். உள்ளே உண்ணி, கொத்துக் கொத்தாக.

"மருந்து தர்றேன். இது படுக்கிற சாக்க யாரு துவைக்கிறது?"

"துவைக்கிறதா மேடம்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், மருந்து எனக்குத்தான் எழுதப்போகிறார் என்று நினைத்தேன்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். வாரம் ஒரு தடவை சாக்கை வெந்நீரில் துவைக்கணும், நல்ல வெயிலில் காயணும். தட்டைத் தினமும் தேய்க்கணும், மிச்சச் சோறு அதில் கிடக்கக் கூடாது. கழுத்துப் பட்டையையும் கழுவணும். நாயின் சாமானை வீட்டுச் சாமானோடு கலக்காமல் தனியாக வைக்கணும்.

(கடைசியாகச் சொன்னதை மட்டும் என் காது வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குள் நான் மனசுக்குள் அடுப்பு மூட்டியிருந்தேன்.)

வீட்டுக்கு வந்ததும் பழைய எண்ணெய் டின்னில் தண்ணீர் கொதிக்கவைத்தேன். சாக்கை மடித்து உள்ளே அமுக்கி, இரண்டு கொத்து வேப்பிலை போட்டு, அரை மணி நேரம் அவித்தேன். பிறகு சோப்புப் போட்டுக் கல்லில் அடித்தேன். முதல் தண்ணீர் காபி மாதிரி வந்தது, இரண்டாவது டீ மாதிரி வந்தது, மூன்றாவது தண்ணீராகவே வந்தது.

அம்மா கொல்லைக் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டது: "ஏன்டா, உன் சட்டைய என்னைக்காவது இப்படித் துவைச்சிருக்கியா?"

"என் சட்டையில உண்ணி இல்லம்மா."

"யாரு கண்டா?"

எவ்வளவு உழைப்புக்கு எப்படிப்பட்ட மரியாதை பாருங்கள்!

சாக்கின் ஒரு மூலையைப் பவுடர் கடித்துக் குதறியிருந்தது. அதை நீல நூலால் தைத்தேன். பிறகு காயப்போட இடம் தேடினேன். கொல்லைக் கொடியில் அம்மா ஆறு சாக்குகளை உதறித் தொங்கவிட்டிருந்தது. ஏழாவதாக என்னுடையதையும் மாட்டினேன். அடுத்த இரண்டு நாளும் வெயில் கொளுத்தியது.

அந்த ஆறு சாக்கு எதற்கென்று சொல்ல வேண்டும். என் தங்கச்சி செல்விக்கு அந்த ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. கல்யாணமாகி வரும் முதல் பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீர் போகவேண்டும். புது அரிசி, வெல்லம், பித்தளைப் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், புடவை வேட்டி எல்லாம் போகும். அதைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுத் தெருவே வரும். அரிசி கட்ட நல்லதாக ஒன்று பொறுக்கத்தான் அம்மா அந்த ஆறு சாக்கையும் உதறிப் போட்டிருந்தது. செல்வியின் மாமியாரோ தண்ணீர்க் குடத்தையே மூன்று தடவை கழுவுகிறவர். அம்மா ஒரு வாரமாக ஒரே பாட்டுத்தான்: "சீர்ல ஒரு குறை வந்துச்சுன்னா, அந்த வீட்டுல அவ எப்படிடா தலை நிமிர்ந்து நிப்பா?"

சீர் கொண்டுபோகும் நாள். நான் கரும்பு வெட்டப் போயிருந்த நேரத்தில், அம்மா கொடியிலிருந்து ஒரு சாக்கை உருவி, அரிசியைக் கொட்டி, வாயைத் தைத்து வைத்துவிட்டது. வந்து குட்டியானை வண்டியில் ஏற்றியது நான்தான். நீலத் தையல் அடிப்பக்கம் போய்விட்டதால் கண்ணில் படவில்லை.

வண்டி கிளம்பும்போது பவுடர் ஒரே தாவாகத் தாவி ஏறி, அரிசி மூட்டைமேல் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. இறக்கிவிட்டால் மறுபடி ஏறியது. முன்சீட்டிலிருந்து அப்பா திரும்பிப் பார்த்து, "விடுடா, செல்வி வீட்டுச் சீருன்னு தெரிஞ்சு காவலுக்கு வருது" என்றார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. (கலங்கிய கண்ணை இப்போது நினைத்தால் இரண்டு அறை விடலாம் போலிருக்கிறது.)

சம்பந்தி வீட்டில் வாசல் நிறையக் கோலம், கூடம் நிறையப் பெண்கள். செல்வி புதுப் புடவையில் பெருமையாக நின்றிருந்தாள். சாமான்களை வரிசையாக வைத்தோம். நடுநாயகமாக அரிசி மூட்டையைப் படுக்கவைத்தேன். எல்லாரும் பானையின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பவுடர் கூட்டத்துக்குள் நுழைந்து வந்தது. மூட்டைமேல் ஏறி, மூன்று சுற்றுச் சுற்றி, படுத்து, கண்ணை மூடி, பெருமூச்சு விட்டது.

மாப்பிள்ளை விரட்டப் போனார். "உர்ர்" என்றது. என்றைக்கும் உறுமாத நாய்!

சம்பந்தி அம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க நாயி ஏன் அரிசி மூட்டைய விட்டு எறங்க மாட்டேங்குது?"

அப்போதுதான் மூட்டையின் மூலையைப் பார்த்தேன். நீல நூல், என் கைத்தையல்.

புத்தியுள்ளவன் என்ன சொல்லியிருப்பான்? "பசி" என்றிருப்பான். நான் உண்மையைச் சொன்னேன்.

"அது... அதோட படுக்கைங்க அத்தை."

அதோடு நிறுத்தினேனா? "ஆனா வெந்நீர்ல அவிச்சதுங்க! வேப்பிலை போட்டிருக்கேன். இப்ப இதுல ஒரு உண்ணிகூட இல்ல!" என்று சேர்த்துக்கொண்டேன்.

உண்ணி என்ற சொல் கேட்டதும் முன்வரிசைப் பெண்கள் மூன்றடி பின்னால் போனார்கள். செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அண்ணே, இனிமே வாயத் தொறக்காதண்ணே" என்று உள்ளிருந்து அழுகையோடு குரல் வந்தது.

சம்பந்தி அம்மா மட்டும் கிட்டே வந்து குனிந்து சாக்கைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் அவிச்சீங்க?"

"அரை மணி நேரம் அத்தை."

"கல்லுல அடிச்சீங்களா?"

"மூணு தண்ணி அலசினேன்."

அவர் செல்வியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், பவுடரைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர், மூச்சு வாங்கி, தூணைப் பிடித்துக்கொண்டார். "செல்வி, அழாதடி. நான் எங்க வீட்டு அரிசிச் சாக்கையே இத்தனை வருசத்துல ஒருதடவை அவிச்சதில்ல. உங்க அண்ணன் நாய்ச் சாக்க அவிச்சிருக்காரு!"

சீர் தப்பித்தது. அரிசி தப்பவில்லை. அது மட்டும் வந்த வண்டியிலேயே திரும்பியது, பவுடரோடு. மாசி மகம் வரைக்கும் அந்த அரிசியைத்தான் எங்கள் வீட்டில் சாப்பிட்டோம். ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு போடும்போது, "வேப்பிலை வாசம் வருதாடா?" என்று கேட்டது.

என் கேள்வி ஒன்றுதான். கொடியில் ஏழு சாக்கு தொங்கியதே, அம்மாவின் கை நேராக ஏன் அந்த ஏழாவதுக்குப் போனது? நானே கேட்டேன். "இருக்கறதுலயே அதுதான்டா வெளுப்பா இருந்துச்சு" என்றது. கேட்டீர்களா! அதை வாயால் சொல்லிவிட்டு என்னைத் திட்டுகிறது!

ஆகையால் பிள்ளைகளே, நாயின் படுக்கையைக் கட்டாயம் துவையுங்கள். தட்டைத் தேயுங்கள். ஆனால் தனிக் கொடியில் காயப்போடுங்கள். முடிந்தால் கொல்லையின் அடுத்த கோடியில்.

அண்ணன்காரன் வருஷா வருஷம் பொங்கல் சீர் கொண்டுபோக வேண்டும் அல்லவா? நானும் போகிறேன். போனதும் யாரும் என்னை "வாங்க" என்று சொல்வதில்லை. சம்பந்தி அம்மா உள்ளே பார்த்து, "முதல்ல நம்ம சோதனை அதிகாரிய வரச்சொல்லுங்க" என்பார். அவர்கள் வீட்டு நாய் வந்து மூட்டையை மோந்து பார்க்கும். அது பேசாமல் விலகிப் போனால்தான் எனக்குக் காபி.

இந்த வருஷம் கடையில் புதுச் சாக்காகவே வாங்கி, கண்ணெதிரே பிரித்து, என் கையாலேயே அரிசி கொட்டிக் கொண்டுபோனேன். அதிகாரி வந்தது. மோந்து பார்த்தது. மூட்டைமேல் ஏறி, மூன்று சுற்றுச் சுற்றி, படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அது புதுச் சாக்கு.