இருபத்திரண்டு மாப்பிள்ளைகளின் மாநாடு

வாழ்க்கையில் ஒரு தடவையாவது தலைவராகிவிட வேண்டும் என்று நான் முடிவெடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது. எதற்குத் தலைவர் என்பதை அப்போது யோசிக்கவில்லை. செருப்பும் கிடைக்கவில்லை.

என் பெயர் மர்சூக். பிறந்தது சாய்ந்தமருது. கலியாணம் முடித்து மருதமுனைக்கு வந்து இருபத்தொரு வருடம். எங்கள் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். வீடு பெண்ணுக்கு, வளவு பெண்ணுக்கு, கிணறு பெண்ணுக்கு. அந்தக் கிணற்றில் குளிக்கும் உரிமை மாப்பிள்ளைக்கு உண்டு. இத்தனை வருடத்தில் இந்த ஊரில் என்னை மர்சூக் என்று கூப்பிட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்ற எல்லோருக்கும் நான் 'றஹீமாட மாப்புள'. மீன்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார், மீனும் என்னைத் தெரிந்த மாதிரி பார்க்கும். எனக்கு உள்ளுக்குள் கவலைதான். வெளியே சொல்வதில்லை, சொன்னால் றஹீமா சிரிப்பாள்.

வீட்டின் பின்பக்கம் ஆறு தறி ஓடுகிறது. ஓடியது என்று சொல்வதுதான் சரி. கடைகளில் மெஷினில் நெய்த சாறன் வந்து குவிந்த பிறகு இரண்டு தறி நின்றுவிட்டது. மூன்றாவது, நிற்கவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க இதே நிலைமைதான்.

அந்த நேரத்தில்தான் கடிதம் வந்தது. கைத்தறிச் சாரியும் சாறனும் வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்புகிற ஒரு கொழும்புக் கொம்பனிக்கு நான் எழுதியிருந்தேன். ஊர்த் தறிக்காரர்கள் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டினால் தங்கள் முகாமையாளர் வருவார், ஒரே நாளில் பேசி, ஒரு வருடத்துக்கு ஓடர் எழுதிவிடலாம் என்று பதில். இரண்டு பக்கம். முதல் பக்கத்தின் முதல் வரி: 'மதிப்புக்குரிய மாநாட்டு அமைப்பாளர் ஜனாப் மர்சூக் அவர்களுக்கு.' அதை நாற்பது தடவை வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் பந்தி பந்தியாக என்னவோ இருந்தது. என் பெயர் அதில் இல்லை.

ஒன்றை மட்டும் உறுதியாகத் தீர்மானித்தேன். இந்த மாநாட்டுக்குள் றஹீமாவை விடக்கூடாது. அவள் கெட்டவள் இல்லை. கெட்டிக்காரி. அதுதான் பிரச்சினை. ஒருமுறை அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வியாபாரி சாரி பார்க்க வந்தார். நூலின் தரம் பற்றி நான் ஒரு மணித்தியாலம் விளக்கினேன். அவர் கொட்டாவி விட்டார். றஹீமா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தச் சிவப்பு ஒருநாளும் கழுவிப் போகாது, வேணுமெண்டா இப்பவே தண்ணியில போட்டுப் பாருங்க என்றாள். மனுஷன் பன்னிரண்டு சாரி எடுத்தார். அடுத்த முறை வந்தபோது படலையில் நின்று என்னிடமே கேட்டார், தாத்தா இருக்காவா என்று. எங்கள் பக்கம் தாத்தா என்றால் அக்கா.

ஆகவே மாநாடு பற்றி நான் அவளிடம் கேட்கவில்லை. அறிவித்தேன். அவள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க வெக்கப் போறீங்க?"

"கல்முனையில. மண்டபத்தில."

"பொம்புளையளுக்கும் ஒரு பக்கம் கதிர போடுங்க. நூல் சுத்திறதும் நாங்க, நிறம் சேக்கிறதும் நாங்க."

"இது வர்த்தக மாநாடு புள்ள. கலியாண ஊடில்ல."

"ஓம்," என்றாள்.

றஹீமாவின் ஓம் இரண்டு வகை. நீட்டிச் சொன்னால் சம்மதம். வெட்டிச் சொன்னால் வேறு ஏதோ நடக்கப்போகிறது. அன்று வெட்டித்தான் சொன்னாள். நான் பெனரில் என் படத்தை வலப் பக்கம் போடுவதா, நடுவில் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வீட்டு மக்கீனைச் செயலாளராக்கினேன். அவனுக்கும் நான்கு தறி. இரண்டு பேரும் ஊரில் உள்ள தறிக்காரர்களிடம் போனோம், பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புக்குப் போய்க் கனகரெத்தினம் அண்ணனையும் சேர்த்தோம். என்னோடு இருபத்திரண்டு பேர். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "ஊட்ட கேட்டுட்டுச் சொல்றன்." பெனர் பச்சையா நீலமா என்று மக்கீனிடம் கேட்டேன். அதற்கும் ஊட்ட கேட்டுட்டுச் சொல்றன் என்றான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் இரண்டு நாளில் அதிசயம் நடந்தது. எல்லா வீட்டிலிருந்தும் சம்மதம். ஒரு வீட்டிலும் முணுமுணுப்பு இல்லை. சில மனைவிமார் கணவனின் சேர்ட்டைத் தாங்களே எடுத்து ஸ்திரி போட்டு மாட்டியும் வைத்துவிட்டார்களாம். இது என் செல்வாக்கு என்று மக்கீனிடம் சொன்னேன். அவனும் ஓம் என்றான், அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது.

மாநாட்டுக்கு உயிர் எது என்றால், மற்ற ஊர்க்காரர்கள் பேச்சு என்பார்கள். எங்களுக்குச் சாப்பாடு. ஒரு பெரிய சஹனில் சோற்றைக் குவித்து, சுற்றிவர ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைப்போம். ஒரே சஹனில் சாப்பிட்டவனிடம் பிறகு முகத்தை முறித்துப் பேச முடியாது. ஆகவே கொழும்பிலிருந்து வரும் முகாமையாளர் எந்தச் சஹனில், அவருக்கு வலப் பக்கம் யார் என்பதற்கு நான் படம் கீறினேன். மூன்று இரவும் நான்கு கடதாசியும் போயின. கடைசிப் படத்தில் அவருக்கு வலப் பக்கமும் நான்தான், எதிர்ப் பக்கமும் நான்தான் இருந்தேன். மக்கீன் சுட்டிக்காட்டிய பிறகே திருத்தினேன்.

அன்று காலை றஹீமாவே எனக்குக் கோட் மாட்டிவிட்டாள். மக்கீனின் கலியாணக் கோட்தான். பொத்தான் பூட்ட மறுத்தது, அவள் இரண்டை இடம் மாற்றித் தைத்துக் கொடுத்தாள்.

"கடிதத்த உள் பொக்கற்றில வெச்சிரிக்கன். ரெண்டு பக்கமும் வாசிச்சீங்கதானே?"

"வாசிச்சன்."

"அப்ப சரி."

அவளும் புது அபாயா போட்டிருந்தாள். எங்கே என்று கேட்டேன். கல்முனையில் ஸகியா வீட்டில் ஓர் அலுவல் என்றாள். ஸகியா அவளுடைய பெரியம்மா மகள், வீடு நம் மண்டபத்துக்குப் பின்தெருவில். பெண்களுக்கு இப்படி ஆயிரம் அலுவல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

மாநாடு அருமையாகத் தொடங்கியது. குர்ஆன் ஓதும் கிறாஅத், வரவேற்புரை, தொடக்கவுரை, சிறப்புரை, இன்னும் சிறப்பான உரை. முகாமையாளரின் பெயர் றிம்சான், மலைநாட்டுப் பக்கத்து ஆள், முப்பது வயதுதான் இருக்கும். எங்கள் தறியில் நெய்த பொன்னாடையை நானே போர்த்தினேன். தலைமையுரையில் எங்கே கைதட்ட வேண்டும் என்று மக்கீனுக்கு முதலே எழுதிக் கொடுத்திருந்தேன். அவன் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, நான் தண்ணீர் குடித்தபோதெல்லாம் தட்டினான்.

மதியம் ளுஹர் தொழுதுவிட்டுச் சஹனில் உட்கார்ந்தோம். நான் அவருக்கு வலப் பக்கம். நல்ல இறைச்சித் துண்டுகளை அவர் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தேன். நான் மாதிரிக்கு அனுப்பியிருந்த ஒரு சாரியைப் பற்றி அவர் கேட்டார். அந்த ஊதாவும் கடுகு மஞ்சளும் வெளிநாட்டில் எல்லாருக்கும் பிடித்ததாம், யார் சேர்த்த நிறம் என்றார். எங்கள் நிறுவனம் என்றேன். அதுவும் பொய்யில்லை, நிறுவனம் சமையலறைக்குப் பக்கத்தில் இருந்து யோசித்த நிறம்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் கை கழுவி வந்ததும் றிம்சான் படிவங்களை எடுத்து மேசையில் வைத்தார். நான் கோட்டைச் சரிசெய்தேன்.

"கடிதத்தில ரெண்டாம் பக்கத்தில எழுதின மாதிரி, தறி நிற்கிற காணியோட உறுதிப் பத்திரத்தை எல்லாரும் கொண்டு வந்திருப்பீங்க. உறுதியில பேர் இருக்கிறவங்க மட்டும் வந்து கையெழுத்து வைக்கலாம்."

காரணத்தையும் அவரே சொன்னார். வெளிநாட்டுக் கடைக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் ஆள் அனுப்பித் தறியைப் பார்ப்பார்களாம். அதற்கு அந்த இடத்தின் சொந்தக்காரர் எழுத்தில் சம்மதிக்க வேண்டுமாம். நான் உள் பொக்கற்றில் கை விட்டேன். இரண்டாம் பக்கத்தின் முதல் பந்தியே அதுதான். யாரோ அதன் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் பென்சில் வைத்திருப்பவள் ஒருத்திதான்.

முதலில் மக்கீனின் பெயரைக் கூப்பிட்டார்.

"காணி உங்க பேர்லயா?"

"இல்ல. ஊட்டுக்காரிட பேர்ல."

அடுத்தவருக்கும் அதே பதில். அதற்கடுத்தவர் மாமியாரின் பெயரில் என்றார். ஏழாவது ஆளோடு றிம்சான் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய ஊரில் பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாளாம்.

"இந்த ஊர்ல ஆம்பிளைகளுக்கு வீடே இல்லையா?"

இருபத்தொரு தலைகளும் கனகரெத்தினம் அண்ணனின் பக்கம் திரும்பின. தமிழ் ஆள், அவருக்காவது சொந்த வளவு இருக்கும் என்று கடைசி நம்பிக்கை.

"என்னப் பாக்காதீங்க தம்பிமார்," என்றார் அவர். "எங்கட பக்கமும் இதே கதைதான். நானும் பொஞ்சாதி வீட்டில போய்க் குந்தின ஆள்தான்."

நான்கு மணிக்கு வாகனம் புறப்பட வேண்டும், அதற்குள் கையெழுத்து இல்லாவிட்டால் ஓடரை வேறு ஊருக்குத்தான் கொடுக்க வேண்டி வரும் என்று றிம்சான் மரியாதையாகச் சொன்னார். எனக்கு நின்றுபோன தறிகள் நினைவுக்கு வந்தன. எங்கள் வீட்டு இரண்டு மட்டுமில்லை, ஊரில் நின்ற எல்லாமே. பெனரில் இருந்த என் படத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. வெளியே வராந்தாவுக்குப் போய் அவளுடைய போனுக்குக் கோல் எடுத்தேன்.

"றஹீமா."

"சொல்லுங்க தலைவர்."

"காணி உறுதி எங்க இரிக்கி?"

"என்ட கையில."

"கையிலயா? நீங்க எங்க நிக்கிறீங்க?"

"ஸகியா ஊட்டு வாசல்ல. மத்த இருவத்தொரு பேரும் அவங்கட அவங்கட உறுதியோட நிக்கிறாங்க. மக்கீன்ட மாமியும் வந்திரிக்காங்க. கதிர போட்டிரிக்கீங்களா?"

அவளை நான் 'நீங்க' என்று அழைத்ததை மக்கீன் கேட்டுவிட்டான். பிறகு ஊருக்கே சொன்னான். அதை விடுங்கள். இருபத்துமூன்று கதிரைகளையும் களஞ்சிய அறையிலிருந்து நானே தூக்கிப் போட்டேன், கோட் போட்டபடியே. இடம் மாற்றித் தைத்த பொத்தான் இரண்டும் அந்த வேலையில் போய்விட்டன.

பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அபாயாக்களுக்கு நடுவே கனகரெத்தினம் அண்ணனின் மனைவி பச்சைச் சாரியில் இருந்தார். எல்லார் மடியிலும் பொலித்தீன் பையில் உறுதி. றஹீமா மேசைக்குப் போய், கையெழுத்து வைக்குமுன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளட்டுமா என்றாள். நிறம் பிசகினால் நூல் யார் தருவது? துணியை வேண்டாம் என்று திருப்பினால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்? நோன்பு மாதத்தில் வேலை மெதுவாகத்தான் போகும், அதை எழுதுவீர்களா? றிம்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றையும் தன் கையாலேயே படிவத்தில் சேர்த்தார். இதில் ஒன்றுகூட எனக்குக் கேட்கத் தோன்றியிருக்கவில்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

கையெழுத்துகள் விழுந்தன. ஒரு வருட ஓடர், ஊரில் நின்ற தறியெல்லாம் ஓடப் போதுமானது. கடைசியாக, கொம்பனியோடு பேசுவதற்குச் சங்கத்துக்கு ஒரு தலைவர் வேண்டும் என்றார் றிம்சான். நான் எழும்பினேன். எழும்பிய நேரத்தில் மற்றப் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் றஹீமாவின் பெயரைச் சொன்னார்கள். நான் ஆண்கள் பக்கம் திரும்பினேன். மக்கீன் தன் மனைவியைப் பார்த்தான், பிறகு மாமியைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான். எழும்பியது எழும்பியாயிற்று என்று நானும் கை தட்டினேன்.

தலைவியின் கையெழுத்துக்குக் கீழே சாட்சி ஒருவர் தேவைப்பட்டது. இவர் வைக்கட்டும், இவருக்கு எழுத்து வடிவு என்று றஹீமா என்னைக் காட்டினாள். பரவாயில்லை என்று தோன்றியது. எப்படியோ என் பெயரும் ஒரு கடதாசியில் ஏறுகிறது. முழுப் பெயரையும் பெரிய எழுத்தில், ஆறுதலாக எழுதினேன். அடுத்த கட்டத்தில் விலாசம் கேட்டிருந்தது. பேனா நின்றுவிட்டது. இவ்வளவு நடந்த பிறகு எந்த முகத்தோடு எழுதுவது என்று தயங்கி, அவளைப் பார்த்தேன்.

"எழுதுங்க," என்றாள் றஹீமா. "எங்கட ஊட்டு விலாசத்தயே போடுங்க."

என் மனம் குளிர்ந்துவிட்டது. இருபத்தொரு வருடம் சும்மா போகவில்லை என்று நினைத்துக்கொண்டு தெருப் பெயரை எழுதத் தொடங்கினேன். அவள் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"பக்கத்தில தற்காலிகம் எண்டும் போடுங்க."