பதினேழு பூங்காக்களும் ஒரு சிரிப்பும்

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் ஒரு மாபெரும் முடிவெடுத்தேன். இந்தப் பழம்பெரும் நகரத்தின் பதினேழு பூங்காக்களையும் ஒன்றுவிடாமல் பார்த்துவிடுவது. நாளுக்கு ஒன்று. காலை பத்துக்குக் கிளம்பினால் மாலை ஐந்துக்குத்தான் வீடு.

வெளியே சொன்ன காரணம், சரித்திரம். உள்ளே இருந்த காரணம், சம்சாரம். தோட்டத்தில் நாட்டம் என்று ஊர் நினைத்தது. உண்மையில் அது வீட்டிலிருந்து ஓட்டம்.

முப்பத்து நாலு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். கடை கடையாய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்தியவன். சோதிக்கக் கடை இல்லாமல் போனதும் வீட்டில் ஆரம்பித்தேன். பாலை அளந்தேன். அவள் குளித்து வரும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். கடைசியில் நான் உப்பைத் தராசில் நிறுத்தேன். அவள் பேச்சை நிறுத்தினாள். கேட்டால் ஒழியப் பேசாத மனைவியோடு ஒரு மனிதன் எத்தனை நாள் குப்பை கொட்டுவது?

"நாளைலேர்ந்து பார்க் பார்க்கப் போறேன்" என்று அறிவித்தேன். எதிர்ப்புக்குத் தயாராக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"போயிட்டு வாங்க."

"சாயந்திரம்தான் வருவேன்."

"குடை எடுத்துக்கங்க."

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"மழை வந்தா நனைஞ்சிருவீங்கன்னுதான்."

முதல் நாள், கோட்டை அகழியைத் தூர்த்துப் போட்ட பூங்கா. இரண்டாம் நாள், ராணி குளித்த தோட்டம். குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. 'நீந்தக் கூடாது' என்ற பலகை மட்டும் இருந்தது. மூன்றாம் நாள், குதிரைச் சிலைப் பூங்கா. மேலே இருந்த தளபதியை ஏதோ ஓர் ஆட்சியில் இறக்கிவிட்டார்களாம். குதிரை மட்டும் காலைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாக நிற்கிறது. அந்தத் தளபதி மேல் எனக்கு ஏனோ பாசம் பொங்கியது.

ஒன்பதாவது பூங்காவில், கத்தரித்துவிட்ட செடிவேலியோரப் பெஞ்சில் எங்கள் அடுத்த தெருப் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவரும் ஓய்வு பெற்றவர்.

"நீங்களுமா? வீட்ல அனுப்பிட்டாங்களா?" என்றார்.

"என்னை யாரும் அனுப்பல சார். இது என் சொந்த யோசனை."

"எனக்கும் சொந்த யோசனைதான். போன வாரம் வரைக்கும்" என்று பெருமூச்சு விட்டார். "பார்க்குன்னு முதல்ல பேச்செடுத்தது யாரு? நல்லா யோசிங்க."

யோசித்தேன். அன்றொரு நாள் அவள் காய் நறுக்கியபடியே சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "இந்த ஊர்ல பதினேழு பார்க் இருக்காம். எல்லாத்தையும் பார்த்து முடிச்ச ஆம்பளை ஒருத்தர்கூட இல்லையாம்." அந்த மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"உங்க சம்சாரமும் என் சம்சாரமும் அடிக்கடி பேசிக்குவாங்க சார்" என்றார் டாக்டர், 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்கிற அதே குரலில்.

ஒரு மணிக்கே வீடு திரும்பினேன். மாடிப்படி ஏறும்போதே ஒரு பெண்ணின் சிரிப்பு கேட்டது. மூச்சு முட்டும் சிரிப்பு. யார் வீட்டில் இவ்வளவு கொண்டாட்டம் என்று பார்த்துக்கொண்டே ஏறினேன். அந்தச் சிரிப்பு என்னை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவளின் சிரிப்பு எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு அணைந்தது. "டாக்டரம்மா, அவர் வந்துட்டார்" என்று போனை வைத்தாள்.

"நான் இருந்தா சிரிக்க மாட்டியா?"

"சிரிப்பேன். எதுக்குன்னு கேப்பீங்க. சொன்னா, இதுல சிரிக்க என்ன இருக்குன்னு கேப்பீங்க."

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன். வந்தது கோபம்தான் என்று வைத்துக்கொண்டேன். பழிவாங்க ஒரே வழிதான் இருந்தது.

"இனிமே நான் எந்தப் பார்க்குக்கும் போகப் போறதில்ல. நாள் முழுக்க வீட்லதான்!"

அவள் என் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டாள். "சரி. அப்ப நாளைலேர்ந்து நான் போறேன்."

"நீயா? நாலு எட்டு வச்சா முழங்கால் வலிக்குதும்பியே?"

"அது உங்ககூட நடந்தாத்தான்."