அருவியில் நடந்த கடல் ஒத்திகை

தென்காசி,
தாது வருஷம் ஆனி 7, ஞாயிற்றுக்கிழமை.

திருச்செந்தூரில் வாழும் அன்புமிக்க அக்காள் ஆவுடைத்தாய் அவர்களுக்குத் தங்கை உலகம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே மாமா, மதினி, பாப்பாவின் அப்பா, பாப்பா, நான் எல்லோரும் சுகம். சுகம் என்று எழுதும்போதே கூடத்தில் மாமா மூன்று முறை தும்முகிறார்கள். அது சாரல் காற்றின் வேலை, அதைச் சேர்க்க வேண்டியதில்லை. அங்கே நீயும் அத்தானும் சுகமாக இருப்பதை அறிய ஆவல்.

சித்திரையில் வந்திருந்தபோது, "ஆனியில் ஒரு எட்டு நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா, வாசலில் நின்றாலே கடல் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். தென்காசியில் ரயிலேறி, திருநெல்வேலியில் வண்டி மாறி, திருச்செந்தூரில் இறங்கினால் தீர்ந்தது என்று நாம் இருவரும் நினைத்தோம். அப்படியில்லை. ஏழு மாதக் குழந்தையைக் கடலுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று இந்த வீட்டில் ஒரு மாதமாக ஆலோசனை நடந்தது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் வரவில்லை. காரணத்தைக் கேட்டால் நீயே வரவேண்டாம் என்பாய்.

மதினியை நீ இரண்டு நாள்தான் பார்த்தாய். மாமாவின் மூத்த மகள், பாப்பாவின் அப்பாவுக்கு அக்காள். மாமியார் இல்லாத இந்த வீட்டை இருபது வருஷமாக நடத்துகிறவர்கள். அவர்கள் சரியென்று சொல்லாமல் இங்கே உலைகூடக் கொதிக்காது. நான் விஷயத்தைச் சொன்னதும், "ஊரு உலகமெல்லாம் அருவியில குளிக்க நம்ம வீட்டத் தேடி வருது, நாம வீட்டப் பூட்டிட்டு எங்கனட்டி போறது?" என்றார்கள். அது நியாயந்தான். வைகாசி பிறந்தாலே "தண்ணீர் விழுகிறதா?" என்று ஏழெட்டுக் கார்டு வந்துவிடும், விழுகிறது என்று பதில் போட்டால் ஆட்களே வந்துவிடுவார்கள். ஆனாலும் மதினி மறுக்கவில்லை. யோசித்துவிட்டு, "குளிப்பாட்டத் தண்ணிக்கு என்ன செய்வ? மலைத்தண்ணியில ஊறுன உடம்பு, உப்புக் கெணத்துத் தண்ணிய ஊத்துனா சளி கட்டிக்கிடும்லா" என்றார்கள். ஆகவே தண்ணீரையும் இங்கிருந்தே கொண்டுபோவதென்று தீர்மானமாயிற்று. நாளுக்கு இரண்டு குடம், எட்டு நாளைக்குப் பதினாறு குடம். "ஒரு குழந்தை, பதினாறு குடம் என்று ரயில்காரனிடம் நான் எப்படிச் சொல்லுவேன்?" என்று பாப்பாவின் அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். மாமா மட்டும் வெகுநேரம் யோசித்து, "என்ஜின் எப்படியும் தண்ணி சொமந்துட்டுத்தான போவுது?" என்றார்கள்.

தண்ணீரை அந்த இடத்தில் விட்டுவிட்டுக் காற்றுக்கு வந்தோம். கடற்காற்றில் உப்பு உண்டு, அது பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது அடுத்த கேள்வி. பரீட்சை செய்து பார்த்துவிடலாம் என்றார்கள் மாமா. ஒரு பெரிய கும்பாவில் தண்ணீர் விட்டு நாலு பிடி உப்பைக் கரைத்து, அதைத் தொட்டிலருகே வைத்து, பாப்பாவின் அப்பா பனையோலை விசிறியால் அரை மணி நேரம் அதன்மேல் வீசினார். நான் சிரிக்காமலிருக்கச் சமையலறைக்குப் போய்விட்டேன். மோர் கொடுக்க வந்த அடுத்த வீட்டு ஹாஜரா பீவி நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்கள் பிறந்த ஊர் காயல்பட்டினம்.

"என்ன தம்பி செய்யுதிய?"

"பிள்ளைக்குக் கடல் காத்துப் பழக்குதோம்."

"கடலு கும்பாவுக்குள்ளயா கெடக்கு? எங்கூருல பிள்ளைய பொறந்த நாளுலேருந்து அந்தக் காத்துலதான் வளக்கோம். ஒண்ணும் கரைஞ்சு போகல."

"ஒங்க பிள்ளைய ஒங்க காத்துக்குப் பொறந்தது" என்றார்கள் மதினி. பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விசிறியவருக்குத்தான் தோளில் பிடித்துக்கொண்டது.

மிச்சமிருந்தது கடலின் இரைச்சல். திடுக்கிட்டு ஜுரம் கண்டுவிட்டால் அங்கே யார் பார்ப்பது என்று மதினி கவலைப்பட்டார்கள். குற்றாலத்துப் பேரருவியின் சத்தமும் கடல் சத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று மாமா சொல்ல, அருவியிடம் கொண்டுபோய்ப் பார்ப்பது, அழாவிட்டால் கடலுக்குப் போவது என்று உத்தரவாயிற்று. போன புதன்கிழமை சுடலையாண்டியின் மாட்டுவண்டியைக் கட்டினோம். ஒத்திகை என்றால் முழு ஒத்திகையாக இருக்கவேண்டாமா? எட்டு நாளைக்கு வேண்டிய அத்தனையும் வண்டியில் ஏறின. தொட்டில் சேலைகள், சாம்பிராணிச் சட்டி, வெந்நீர்த் தவலை, பால் புகட்டும் பாலாடை, உரைமருந்துப் பெட்டி, அதை உரைக்கிற கல். மதினி பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் இடம் தீர்ந்துபோயிற்று. மற்ற மூவரும் மூன்று மைலும் சாரலில் நனைந்துகொண்டு பின்னால் நடந்தோம். வீடு மாற்றிப் போகிறோம் என்று நினைத்து, எதிரே வந்த ஒருவர், "எந்த ஊருக்கு?" என்று கேட்டார். "கடலுக்கு" என்று மாமா மலையைப் பார்த்தபடியே சொன்னார்கள்.

அருவியில் நல்ல தண்ணீர். மதினி பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு பத்தடி நடப்பார்கள், நின்று முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு இன்னும் பத்தடி. எல்லோரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் வண்டியைக் கவனிக்க ஆளில்லை. ஒரு குரங்கு உரைமருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறி, வசம்பைக் கடித்துப் பார்த்துவிட்டு, முகத்தை அஷ்டகோணலாக்கிப் பெட்டியை எங்கள் பக்கமே எறிந்தது. "தெனம் பிள்ள சுளிக்காமக் குடிக்குது, ஒனக்கு என்னலே கேடு?" என்று மதினி அதை அதட்டினார்கள். அருவிக்கு மிக அருகே, ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காத இடத்தில், பாப்பா கண்ணை மூடித் தூங்கிவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று எண்ணினேன். மதினியோ பயந்துவிட்டார்கள். என்னை அப்பால் இழுத்துவந்து, "ஏட்டி, இம்புட்டு இரைச்சல்ல பிள்ள தூங்குதே. இவளுக்குக் காது கேக்குமா?" என்றார்கள்.

திரும்பி வந்த மூன்று மைலும் காது பரீட்சை. மாமா விரலைச் சொடுக்கினார்கள். பாப்பாவின் அப்பா மாட்டின் கழுத்து மணியைப் பிடித்து ஆட்ட, மாடு மிரண்டது. சுடலையாண்டி தன் பங்குக்கு நாலு கூச்சல் போட்டான். பாப்பா அசையவில்லை. எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது, அக்கா. ஊருக்குள் நுழையும்போது வெந்நீர்த் தவலை உருண்டு கல்லில் விழுந்தது. பாப்பா அலறிய அலறலில் தெரு முழுவதும் வெளியே வந்தது. "கேக்குது! எந்தங்கத்துக்குக் கேக்குது!" என்று மதினி அவளை முத்தமிட்டுக்கொண்டே அழுதார்கள். அந்தச் சந்தோஷம் விளக்கேற்றும் வரையில் இருந்தது. பிறகு, "ஒரு தவலைக்கே இந்தப் பாடு படுதவ கடலுக்கு என்ன செய்வா?" என்றார்கள்.

"அருவிக்கு அழலியே, மதினி?"

"அது நம்ம அருவில்லா. ஒன் வயித்துக்குள்ள கெடக்கயிலேயே கேட்ட சத்தம்."

நனைந்திருந்த தொட்டில் சேலைகளைக் கொடியில் போடப் போனேன்.

கடைசியில் மதினியே ஒரு வழி சொன்னார்கள். எல்லோருமாகப் போவது. மதினி வருவார்கள், மாமா வருவார்கள், பாலுக்காக வீட்டுப் பசுவைச் சுடலையாண்டி நடத்திக்கொண்டு வருவான். அப்படியானால் சீஸனுக்கு வருகிறவர்கள்? "காயிதம் போட்டு அங்கன வரச் சொல்லிருவோம். கடலும் தண்ணிதான?" இதுவரையில் பதினோரு பேர் கார்டு போட்டிருக்கிறார்கள். உன் வீட்டில் அறை இரண்டு. நானே வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

கடிதத்தை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் நீ கேட்பாய்: உனக்கு ஏன் கடல்மேல் இத்தனை ஆசை என்று. படித்த புத்தகங்களில் கடல் ஒவ்வொன்றிலும் ஒரு விதமாக இருக்கிறது, எது சரியென்று பார்க்க ஆசை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அது பாதி உண்மை. பாப்பா இந்த வீட்டில் கைக்குக் கை போகிற குழந்தை. பசிக்கு மட்டும் என்னிடம் வருகிறாள். குடித்து முடித்தாளோ இல்லையோ, "முடிஞ்சுதா? தா" என்று மதினியின் கை நீளும். அவள் முதன்முதலில் வாய்விட்டுச் சிரித்தது மதினியின் இடுப்பில். நான் உள்ளே உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். வேறெங்கோ மழை பெய்ததைக் கேள்விப்படுவதுபோலக் கேள்விப்பட்டேன். அவள் பசியை அறிவேன், விளையாட்டை அறியேன். எட்டு நாள், மணலில் அவளை விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்; அவள் அழுதால் தூக்குவதற்கு நான் ஒருத்திதான் இருக்க வேண்டும். இவ்வளவுதான். மதினி கெட்டவர்கள் அல்ல. இருபத்திரண்டு வயதில், வாழப்போன இடத்திலிருந்து, பிள்ளையில்லாமல் வெறுங்கையோடு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர்கள். இருபது வருஷத்துக்குப் பிறகு அந்தக் கையில் ஒரு குழந்தை வந்திருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள நினைக்கிறேனே என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. கேட்கவும் முடியவில்லை, கேட்காமலிருக்கவும் முடியவில்லை. வேறு யாரிடமும் இதைச் சொல்லமாட்டேன்.

ஆகவே கட்டிலை எங்களுக்காக நகர்த்தவேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம். பாப்பா உனக்கு ஒரு கொட்டாவி அனுப்புகிறாள். முருகன் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் தங்கை,
உலகம்மாள்

பின்குறிப்பு: கட்டிலை நகர்த்து. வியாழக்கிழமை புறப்படுகிறோம். நாங்கள் மூன்று பேர் மட்டும்.

நடந்தது இதுதான். நான் உனக்கு எழுதுவதைத் தபாலில் சேர்க்குமுன் மதினி படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். அவர்களுக்கு எழுத்து தெரியாது. இன்றும் படித்தேன். குரங்குக்குச் சிரித்தார்கள், தவலைக்கு மறுபடியும் கண் கலங்கினார்கள். வணக்கம் சொல்லி முடித்ததும், "ரெண்டு தாளச் சேத்துத் திருப்புனியே. நடுவுல உள்ளதையும் படி" என்றார்கள். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கா ஒரு தாளு? படிட்டி" என்றார்கள். படித்தேன். முடிக்கும் வரையில் அவர்கள் பாப்பாவின் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"வார ஆளுகள நான் பாத்துக்கிடுதேன். நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

"தண்ணி, காத்து, சத்தமெல்லாம், மதினி?"

"அவ தாய் நீ. நீ பாத்துக்கிடு." பிறகு, "எட்டு நாளும் நீயே வச்சுக்க. ஒம்பதாம் நாளு விடிஞ்சதும் எங்கையில குடுத்திரணும், சொல்லிட்டேன்" என்றார்கள்.

சரியென்றேன். அப்போது பாப்பா அவர்கள் மடியில்தான் இருந்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். தா என்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.