ஞானத்துக்கு இரண்டு பேன்ட்

ஆவடி குவார்ட்டர்ஸ்
14.9.1989

அன்புள்ள ஜேம்ஸ் அண்ணனுக்கு,

தங்கை ஞானகுமாரி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம், உங்கள் மச்சான் பாதி சுகம். அங்கே நீங்களும் மதினியும் உங்கள் தையல் மிஷினும் முழுச் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன மனுஷனைப் பிள்ளைகுட்டி இல்லாத நீ ஒற்றையாக எத்தனை நாள் தூக்குவாய், பேசாமல் ஒரு ஹோமில் சேர்த்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்துவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். பாசத்தில் எழுதியதுதான், தெரியும். ஆனால் இவுகளை விட்டுவிட்டு நான் எங்கேயும் வர மாட்டேன். அதற்குப் பதிலாக எனக்கு இரண்டு பேன்ட் தைத்து அனுப்புங்கள். உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள்.

போன மாதம் கட்டிலிலிருந்து தூக்கும்போது என் இடுப்பு பிடித்து, இரண்டு பேருமாகத் தரையில் கிடந்தோம். பக்கத்து வீட்டு உத்தமன் வந்துதான் தூக்கிவிட்டார். அவர் பட்டாபிராம் ரயில் யார்டில் வேலை செய்கிறவர், பளு தூக்குவதில் கப் எல்லாம் வாங்கியவர். முன்னே இவுக டாங்கித் தொழிற்சாலைக்கு வந்த ரஷ்யக்காரர் ஒருத்தர் ஊர் திரும்பும்போது இவுகளுக்கு ஒரு இரும்புக் குண்டு கொடுத்தாரே, மேலே கைப்பிடி வைத்தது, பதினாறு கிலோ, அது ஒன்பது வருஷமாக எங்கள் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, தினமும் இதைத் தூக்கி ஆட்டினால் இடுப்பும் கையும் கெட்டிப்படும் என்றார். நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டினேன், குண்டோடு முந்தானையும் மேலே போயிற்று. உத்தமன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "இன்னாக்கா, பொடவையோட இத்த ஆட்டுனா மாட்டிக்கினு கால் மேலதான் வுயும். மொதல்ல ஒரு பேன்ட்டப் போடுக்கா" என்றார். பேன்ட்டாவது ஒண்ணாவது என்று மறுநாள் நைட்டி போட்டேன். குனிந்து நிமிரும்போது நானே அதன் ஓரத்தை மிதித்து முழங்கால் வரை கிழிந்தது. ரப்பர் செருப்பு வழுக்கியது, வெறுங்கால்தான் நல்லது என்றார் உத்தமன். கை வேர்க்கிறதே என்று முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தடவினேன், குண்டு கையை விட்டுப் பறந்து தண்ணீர்க் குடத்தைத் தட்டாக்கிவிட்டது. அதற்குப் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ்தான் போடணுமாம், எனக்கென்ன தெரியும்?

கடைசியில் இவுக காக்கி பேன்ட்டையே எடுத்துப் போட்டேன். இடுப்பில் பட்டன் எட்டவில்லை, பாவாடை நாடாவால் கட்டினேன். அந்தக் கோலத்தில், கையெல்லாம் சாக்பீஸ் மாவோடு நிற்கும்போது, இவுகளுக்காக ஜெபம் பண்ணச் சர்ச்சிலிருந்து பாஸ்டர் ஐயர் வந்துவிட்டார். என்னைப் பார்த்தார், குண்டைப் பார்த்தார், இவுகளுக்கு ஒரு நிமிஷமும் எனக்குப் பத்து நிமிஷமும் ஜெபித்துவிட்டுப் போனார். அண்ணே, அவர் வாசல் தாண்டியதும் இவுக சிரிச்சாக. வாதம் வந்து நாலு மாசம் கழிச்சு முதல் தடவையா, வாய் ஒரு பக்கமாக் கோணிக்கிட்டு, கண்ணுல தண்ணி வர வரச் சிரிச்சாக. நான் அந்தப் பேன்ட்டோடயே கட்டில்ல உக்காந்து அழுதேன்.

இப்போ இவுகளை நானே தூக்கி நாற்காலியில உக்கார வைக்கிறேன், இடுப்பு வலி இல்லை. ஆகையால் ஹோம் பேச்சு வேண்டாம். கெட்டியான பருத்தித் துணி, கருநீலம் போதும், தூரத்துல பார்த்தா பாவாடை மாதிரித் தெரியட்டும். இடுப்புக்கு நாடா. உக்காந்து எழுந்தா தொடையைப் பிடிக்கக் கூடாது, கீழே தொளதொளன்னும் இருக்கக் கூடாது. பை வேண்டாம், கட்டைவிரல் மாட்டுது. குண்டு மணிக்கட்டுல இடிச்சுக் கன்றிப் போகுது, டவல் துணியில ரெண்டு பட்டையும் தைச்சு வையுங்க. இடுப்பு அளவு நாற்பது. மதினிகிட்ட முப்பத்தாறுன்னு சொல்லுங்க.

பெரியவங்களுக்கு என் வணக்கமும் சின்னதுகளுக்கு முத்தமும். கர்த்தர் உங்கள் கையையும் ஊசியையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் தங்கை
ஞானம்

பி.கு.: மச்சான், வேதமுத்து எழுதுகிறேன், இடது கையால். கடிதத்தை ஒட்டி வைக்கச் சொல்லிவிட்டு ஞானம் ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். பத்து நாளாக, அவள் இல்லாத நேரத்தில் நானே எழுந்து ஜன்னல் வரை நடக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். இருபத்தாறு வருஷத்தில் பட்டப்பகலில் அவள் என்னைக் கட்டிப்பிடித்ததே கிடையாது, இப்போது என்னைத் தூக்கி உட்கார வைக்க ஒரு நாளைக்கு ஆறு தரம். பேன்ட் இரண்டு போதாது, மூன்றாகத் தையுங்கள்.