ஒரு வாக்குக் குறைகிறது

ஸ்காபரோ,
மார்ச் 12.

அன்பும் மதிப்பும் மிக்க பெரிய மச்சானுக்கு,

செல்வரட்ணம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் தங்கை றோசலினும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் மச்சாளின் சீனி வருத்தமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். வட்ஸ்அப் இருக்க இவன் ஏன் தபாலில் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். எங்கள் அப்பார்ட்மென்ரில் குளியலறைக்குள் நின்று கதைத்தாலும் குசினிக்குக் கேட்கும். என் போனை இரவில் சார்ஜில் போடுவதும் றோசலின்தான். விஷயமோ அவளைப் பற்றியது. சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை நடந்த தேர்தலில் உங்கள் தங்கை யாருக்கு வாக்குப் போட்டாள் என்பதை நீங்கள் பக்குவமாகக் கேட்டு எனக்கு அறியத்தரவேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். இங்கே நம்மூர் மக்கள் ஒன்றியத்தில் பதினேழு வருடமாகத் தேர்தல் என்று ஒன்று நடந்ததே இல்லை. ஒருவர் முன்மொழிவார், பக்கத்துக் கதிரைக்காரர் வழிமொழிவார், பின்வரிசையில் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் சும்மா இருக்கும் கையால் தொடையில் தட்டுவார்கள், ஏகமனதாகத் தெரிவு என்று கூட்டக் குறிப்பில் ஏறிவிடும். தை மாதம் செயலாளர் மரியோ வீட்டுக்கு வந்து, “அங்கிள், இந்தமுறை ஓடிற்றர் நீங்கள்தான். ஒருத்தரும் எதிர்க்கமாட்டினம், அரை நிமிச அலுவல்” என்றான். ஓடிற்றர் என்றால் கணக்காய்வாளர். நிர்வாகசபை செய்வது சரியா என்று பார்க்கவேண்டியவர். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்துமூன்று வருடம் தரப் பரிசோதகராக இருந்தவன் நான், ஓர் ஆணி கோணினாலும் திருப்பி அனுப்பியவன். “தம்பி, என்னையே ஒழுங்காத் தெரிவுசெய்யாமல் நான் மற்றவையை எப்பிடிச் சோதிக்கிறது?” என்று கேட்டேன். மரியோ தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே போய்விட்டான்.

அதன்பிறகு நான் சும்மா இருக்கவில்லை. நூலகத்தில் கம்பியூட்டருக்கு முன்னால் இரண்டு நாள் இருந்து, ‘என் முன்னுரிமைகள்’ என்று ஒரு துண்டுப்பிரசுரம் அடித்தேன். ஒன்றியத்தின் களஞ்சிய அறைப் பூட்டுக்கு ஒன்பது பேரிடம் திறப்பு இருக்கிறது, ஒன்பது பேருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று பூட்டைப் பூட்டுவதே இல்லை, இதற்கு முடிவு கட்டவேண்டும் என்று எழுதினேன். வாக்காளர் பட்டியலில் இருக்கும் ஐந்து பேர் மோட்சம் போய்விட்டார்கள், அவர்களில் ஒருவர் சென்ற வருடக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை வழிமொழிந்ததாகக் குறிப்பு இருக்கிறது, ஆகையால் பட்டியலைத் துப்புரவாக்கவேண்டும் என்றேன். வாசலில் படம் போட்ட அடையாள அட்டை, பூட்டிய பெட்டி, இரகசிய வாக்கு, எல்லாம் சேர்த்தேன். தன் சொந்தக் காரியத்தில் எவரும் தானே கைபோடக் கூடாது என்றும், யாருக்குப் போட்டாய் என்று கணவன் மனைவியைக்கூடக் கேட்கக் கூடாது என்றும் தடித்த எழுத்தில் போட்டேன். அந்தக் கடைசி வரிதான் இப்போது என்னைச் சாப்பிடவிடாமல் செய்கிறது.

ஆனால் தேர்தல் என்றால் இரண்டு பேர் வேண்டுமே, மச்சான். எனக்கெதிராக நிற்க ஒருவரும் இல்லை. மூன்று கிழமை அலைந்து கடைசியில் ஊர்ப் பள்ளியில் படிப்பித்த றெபேக்கா ரீச்சரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். “செல்வம், உமக்கு எதிரா நிக்க எனக்கு ஒரு காரணமும் இல்லையே” என்றார். “ஜனநாயகத்துக்காக, ரீச்சர்” என்றேன். “அது சரி, அண்டைக்கு என்னை ஆர் கூட்டிக்கொண்டு போறது?” என்றார். நானே கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்தேன். அப்படித்தான் என் போட்டியாளரை என் காரில், முன்சீற்றில் ஏற்றிக்கொண்டு தேர்தலுக்குப் போனேன். பின்னால் இருந்த றோசலினும் அவவும் வழிநெடுக ஒடியல் கூழைப் பற்றிக் கதைத்துச் சிரித்தார்கள். அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மண்டப வாசலில்தான் சோதனை தொடங்கியது. முதலில் தடுக்கப்பட்டவர் நம்முடைய குலசிங்கம். வாக்குப்பெட்டியைப் பலகை வாங்கித் தன் கையாலேயே செய்து, தோளில் சுமந்துகொண்டு வந்தவர். அடையாள அட்டையை மட்டும் வீட்டில் விட்டுவிட்டார். “அண்ணை, நான் செய்த பெட்டிக்குள்ள நான் போட ஏலாதோ?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சட்டம் சட்டம்தானே. அடுத்ததாக இரத்தினவேலும் மனைவியும், எனக்காகவே பிறம்ரனிலிருந்து கார் ஓடி, ஒரு தட்டு வடையோடு வந்திருந்தார்கள். ஒன்றியத்தின் யாப்பு விதிகளில் ரொறன்ரோவுக்குள் வசிப்பவர்தான் அங்கத்தவர் என்று இருப்பதைக் கண்டுபிடித்து, பட்டியலில் அவர்களுடைய பெயரை வெட்டியதும் நான்தான். இரத்தினவேல் வடைத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

பிறகு றோசலின். அவளுடைய ஹாண்ட்பாக் காரில் இருந்தது, காரோ பார்க்கிங்கின் அந்தக் கடைசித் தொங்கலில். வாசலில் நின்ற பிள்ளை, “அன்ரியை எங்களுக்குத் தெரியாதே, போங்கோ அன்ரி” என்றது. நான் குறுக்கே நின்று, கூடாது என்றேன். வேட்பாளரின் மனைவிக்கு ஒரு சட்டம் ஊருக்கு ஒரு சட்டமா? அவள் பட்டுச்சேலையோடு உருகிய பனிச்சேற்றுக்குள் நடந்துபோய் அட்டையை எடுத்து வந்து, அந்தப் பிள்ளையிடம் காட்டாமல் என் மூக்குக்கு நேரே பிடித்து, “வடிவாப் பாருங்கோ, நான்தானோ?” என்றாள். நான் பார்த்து, ஓம் என்றேன்.

நான் இருபத்துநாலு நிமிடம் பேசினேன். ரீச்சர் எழும்பி, “பிள்ளையள், கொண்டுவந்து காட்டினால் பார்ப்பன், பிழையெண்டால் சொல்லுவன். சாப்பாடு ஆறப்போகுது” என்று சொல்லிக் கதிரையில் இருந்துவிட்டார். கைதட்டல் நிற்க நேரமெடுத்தது. வாக்கெண்ணிக்கை, என் வற்புறுத்தலின்படி, எல்லோர் முன்னிலையிலும் இரண்டு தரம் நடந்தது. றெபேக்கா ரீச்சர் முப்பத்தொன்று, நான் முப்பது.

அன்றிலிருந்து நான் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டு இரண்டோடு சேர்த்து என் பக்கம் முப்பத்துநான்கு பேர் என்று பெயர் பெயராகக் குறித்து வைத்திருந்தேன். குலசிங்கமும் பிறம்ரன்காரர் இருவரும் போக முப்பத்தொன்று. மீதிப் பேர் எல்லோரும் நம்பிக்கையானவர்கள், பலர் என் தோளைத் தட்டி அழாக்குறையாகப் பேசினார்கள். அப்படியானால் குறைகிற அந்த ஒன்று எங்கே? நனைந்த காலோடு வாக்குப் போட்டவள் ஒருத்திதான். வீடு திரும்பும்போது ரீச்சருக்கு மிஞ்சிய கட்லட்டைப் பொதி கட்டிக் கொடுத்தாள். நேற்று இடியப்பம் பிழியும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். மச்சான், பதவி போனது எனக்குப் பெரிதில்லை. முப்பத்தெட்டு வருடம் என்னோடு இருந்தவள் என்னை வேண்டாம் என்று நினைத்துப் புள்ளடி போட்டாளா என்பதுதான் நெஞ்சை அரிக்கிறது. நான் கேட்கவும் முடியாது, துண்டுப்பிரசுரம் குளிர்சாதனப் பெட்டியில் அவளே ஒட்டிவைத்தபடி இருக்கிறது. நீங்கள் தமையன், நீங்கள் கேட்டால் அது கணவன் கேட்டதாகாது. ஞாயிறு பூசைக்குப் பிறகு அவள் எடுக்கும்போது, கூழ், மழை என்று கதைத்து, இடையில் மெதுவாகக் கேளுங்கள்.

மச்சாளுக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசியும் அன்பும். மாதா உங்கள் எல்லோரையும் காப்பாராக.

இங்ஙனம்,
தோற்றாலும் தலை நிமிர்ந்த,
ம. செல்வரட்ணம்

பி.கு.: மச்சான், ஒன்றும் கேட்கவேண்டாம். முத்திரை தேடி றோசலினின் ஹாண்ட்பாக்கைக் கிளறிக்கொண்டிருந்த நேரம், மேசையில் கிடந்த இந்தக் கடிதத்தை அவள் கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்துவிட்டாள். சத்தம் போடவில்லை. “கால் விறைச்ச கோவத்திலயும் உங்களுக்குத்தான் போட்டனான்” என்றாள். பிறகு, “நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?” என்று கேட்டாள். வேட்பாளர் தன் பெயருக்குத் தானே புள்ளடி போடுவது அழகில்லை என்று நான் ரீச்சருக்குப் போட்டிருந்தேன். ரீச்சரும் அதே மரியாதையை எனக்குச் செய்வார் என்று நம்பினேன். றோசலின் அந்த இடத்திலேயே ரீச்சருக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். “எனக்குத்தான் போட்டனான், பின்னை? மூண்டு கிழமை கெஞ்சி என்னை நிக்க வச்சது உம்மட மனுசன்தானே” என்றார் ரீச்சர். அந்த முப்பது வாக்கில் என் மனைவியுடையது இருக்கிறது, மச்சான், என்னுடையதுதான் இல்லை. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். “அனுப்புங்கோ, அண்ணை சிரிக்கட்டும்” என்று சொல்லி முத்திரையை அவளே ஒட்டினாள்.